ஓட்டமும் சூத்திரமும்: ரீகலின் நேர எதிர்வுகூறல் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு தூரத்தை ஓடி முடிக்க ஒருவர் எடுத்த நேரத்தை அறிந்தால், அவர் இன்னும் ஓடாத வேறொரு தூரத்துக்கு எவ்வளவு நேரம் எடுப்பார் எனக் கூறிவிடலாமா? வினா எளிதாகவே தோன்றுகின்றது. 10 கிலோமீற்றரை 50 நிமிடத்தில் ஓடும் ஒருவர் அதே வேகத்தில் மரதன் ஓட்டத்தின் 42.195 கிலோமீற்றரையும் ஓடுவாராயின், ஏறத்தாழ 211 நிமிடத்தில் அதனை முடித்துவிடுவார். ஆனால் அவ்வாறு ஓடத்தக்கவர் எவருமிலர். தூரம் கூடுந்தோறும் வேகம் குறைகின்றது. அக்குறைவு எத்தகைய ஒழுங்கிற்கு உட்பட்டது, அவ்வொழுங்கு எல்லோருக்கும் பொதுவானதா என்பனவே ஆராய்வுக்குரியன.

இவ்வினாவுக்கு விடையாக இன்று பெரிதும் எடுத்தாளப்படுவது பீற்றர் ரீகல் என்னும் அமெரிக்கப் பொறியியலாளரின் சூத்திரமாகும். தாமும் ஒரு மரதன் ஓட்டக்காரராக விளங்கிய அவர், 1977ஆம் ஆண்டு ஓட்டக்காரருக்கான சஞ்சிகையொன்றில் அதனை முதலில் வெளியிட்டார். பின்னர் 1981இல் 'அமெரிக்கன் சயன்ரிஸ்ற்' என்னும் இதழில், மெய்வல்லுநர் சாதனைகளையும் மனிதனின் தாங்குதிறனையும் பற்றி எழுதிய கட்டுரையிலே விரித்துரைத்தார். சூத்திரம் மிகச் சுருங்கியது. தெரிந்த தூரத்தினால் தெரியாத தூரத்தைப் பிரித்து, வரும் விகிதத்தை 1.06 என்னும் சுட்டிக்கு உயர்த்தி, கிடைக்கும் எண்ணால் தெரிந்த நேரத்தைப் பெருக்கினால் தெரியாத நேரம் கிடைக்கும். தூரம் இருமடங்கானால் நேரம் 2.085 மடங்காகும், அதாவது வேகம் நூற்றுக்கு 4 வீதம் குறையும். மேற்குறித்த 50 நிமிட ஓட்டக்காரருக்கு இச்சூத்திரம் விதிக்கும் மரதன் நேரம் 3 மணி 50 நிமிடம்.

இத்தகைய முயற்சியில் ரீகல் முதல்வரல்லர். 1906ஆம் ஆண்டிலேயே ஆதர் கெனலி, ஓடும் விலங்குகளின் களைப்புக்கு ஓர் அண்ணளவான விதி உண்டெனக் காட்ட முயன்றார். வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் வளிமண்டலப் படையுடன் இன்றும் பெயர் இணைத்துப் பேசப்படும் அதே மின்பொறியியலாளரே அவர். பம்பாயின் கொலாபாவிற் பிறந்தவர். குதிரைகளின் ஓட்டம், மனிதரின் நடை, ஓட்டம், நீச்சல், படகு வலித்தல் ஆகிய யாவற்றின் சாதனைகளையும் ஒருங்கு திரட்டி நோக்கிய அவர், நேரம் தூரத்தின் 9/8 ஆம் அடுக்கோடு வளர்கின்றது என்ற முடிவுக்கு வந்தார். தசமத்தில் அது 1.125. குதிரைக்கும் மனிதனுக்கும் ஒரே சுட்டியை வழங்கிய துணிவு வியப்பிற்குரியதே. ரீகல் அத்துணை தூரம் செல்லவில்லை. விளையாட்டுக்கு விளையாட்டு சுட்டி வேறுபடுவதை அவர் ஏற்றுக்கொண்டார். தமது விதி 3.5 நிமிடத்துக்கும் 230 நிமிடத்துக்கும் இடைப்பட்ட முயற்சிகளுக்கே பொருந்தும் என எல்லையும் வகுத்தார். அவ்வெல்லையை மீறினால் நேர்வது யாது என்பதை உசைன் போல்ற்றின் 9.58 செக்கன் 100 மீற்றர் ஓட்டத்தைக் கொண்டு கணித்துப் பார்க்கலாம்: சூத்திரம் அவருக்கு அளிக்கும் மரதன் நேரம் 1 மணி 37 நிமிடத்துக்கும் குறைவானது. இவ்வபத்தத்துக்கு ரீகல் பொறுப்பாளியல்லர். ஆயின் அவர் வகுத்த எல்லையைப் பின்வந்தோர் மறந்தமை பற்றிக் கீழே மீண்டும் பேசவேண்டியுள்ளது.

சூத்திரத்தின் வெற்றியை முதலில் ஒப்புக்கொள்ளுதல் முறையாகும். எதியோப்பிய வீரர் கெனெனிசா பெக்கெலே 2004இல் 5,000 மீற்றரை 12 நிமிடம் 37.35 செக்கனில் ஓடி உலக சாதனை நிலைநாட்டினார். அந்நேரத்தைக் கொண்டு 10,000 மீற்றருக்கான நேரத்தைக் கணித்தால் 26 நிமிடம் 19 செக்கன் வரும். அடுத்த ஆண்டு பிரசெல்ஸ் நகரில் அவர் ஓடிய நேரம் 26 நிமிடம் 17.53 செக்கன். இடைவெளி ஒன்றரைச் செக்கன் மாத்திரமே. அதிலிருந்து மரதனைக் கணித்தால் 2 மணி 0 நிமிடம் 57 செக்கன் கிடைக்கும். 2019இல் பேர்ளினில் அவர் ஓடியதோ 2 மணி 1 நிமிடம் 41 செக்கன். நான்கு மடங்குக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்து, பதினான்கு ஆண்டு முதுமையையும் கடந்து, ஒரு நிமிடத்துக்குட்பட்ட பிழையோடு வந்து சேரும் ஒரு கணிப்பை எளிதிற் புறந்தள்ள முடியாது. ரீகல் தமது கட்டுரையை வெளியிட்டபோது பெக்கெலே பிறந்திருக்கவுமில்லை.

எனினும் பெக்கெலேக்குப் பின் அவ்விரு சாதனைகளையும் தமதாக்கிய உகண்டா வீரர் ஜோசுவா செப்டெகெய்யை நோக்குமிடத்து நிலைமை மாறுகின்றது. 2020இல் அவர் 5,000 மீற்றரை 12 நிமிடம் 35.36 செக்கனிலும் 10,000 மீற்றரை 26 நிமிடம் 11.00 செக்கனிலும் ஓடினார். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கணித்தால் பிழை நான்கு செக்கனுக்கும் குறைவு. இதுவரை சூத்திரம் செம்மையாகவே பணிபுரிகின்றது. மரதனுக்கு அது அவருக்கு விதித்த நேரம் 2 மணி 0 நிமிடம் 27 செக்கன், அதாவது பெக்கெலேக்கு விதித்ததிலும் அரை நிமிடம் குறைவானது. 2023 திசெம்பரில் வலன்சியாவில் அவர் தமது முதல் மரதனை ஓடி முடித்தபோது கடிகாரம் காட்டியது 2 மணி 8 நிமிடம் 59 செக்கன். முதல் முயற்சி என்று சமாதானங் கூறலாம். ஆனால் 2014இல் பாரிசில் பெக்கெலே ஓடிய முதல் மரதனின் நேரம் 2 மணி 5 நிமிடம் 4 செக்கன். மேலும், முதல் முயற்சியா, பத்தாவது முயற்சியா என்ற வினாவுக்குச் சூத்திரத்தில் இடமே இல்லை. அது தூரத்தை மாத்திரம் அறியும்.

இதனினும் கூர்மையான சான்று ஒன்று 2017 மே 6ஆந் திகதி இத்தாலியின் மொன்சா பந்தயத் தடத்தில் கிடைத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் மரதனை ஓடும் பொருட்டு ஒழுங்குசெய்யப்பட்ட அம்முயற்சியிலே எலியுட் கிப்சோகேயும் சேர்செனாய் தடேசேயும் ஒருங்கே புறப்பட்டனர். அரைமரதனில் தடேசேயே வல்லவர். 2010இல் லிஸ்பனில் அவர் நிலைநாட்டிய சாதனை 58 நிமிடம் 23 செக்கன். கிப்சோகேயின் சிறந்த அரைமரதன் நேரம் 2012இல் ஓடிய 59 நிமிடம் 25 செக்கன். சூத்திரப்படி தடேசே மரதனை 2 மணி 1 நிமிடம் 43 செக்கனிலும், கிப்சோகே 2 மணி 3 நிமிடம் 53 செக்கனிலும் முடித்தல் வேண்டும். அன்று கிப்சோகே 2 மணி 0 நிமிடம் 25 செக்கனில் வந்தார். தடேசே 2 மணி 6 நிமிடம் 51 செக்கனில் வந்தார். ஒருவருக்கு மூன்றரை நிமிடம் கூடுதலாகவும் மற்றவருக்கு ஐந்து நிமிடம் குறைவாகவும் சூத்திரம் பிழைத்தது. பிழையின் அளவைவிட அதன் திசையே இங்கு கருதத்தக்கது. சுட்டியை 1.06 இலிருந்து உயர்த்தினாற் கிப்சோகேக்கு அநீதி; தாழ்த்தினால் தடேசேக்கு அநீதி. இருவருக்கும் பொருந்தும் ஒரு சுட்டி இல்லை.

அவ்வாறாயின், 1981ஆம் ஆண்டுக் கட்டுரையில் சாதனைகள் யாவும் ஒரு நேர்கோட்டிற்கு அணித்தாய் வந்து அமர்ந்தது எவ்வாறு? இவ்விடத்தேதான் விமரிசனத்தின் முதன்மையான வினா எழுகின்றது. ரீகல் வரைபிற் குறித்த புள்ளிகள் மனிதர்களல்லர், சாதனைகள். 1980ஆம் ஆண்டு முடிவில் 1,500 மீற்றரின் உலக சாதனை ஸ்ரீவ் ஓவெற் ஓடிய 3 நிமிடம் 31.36 செக்கன். 5,000, 10,000 மீற்றர் சாதனைகள் 1978இல் ஹென்றி ரோனோ நிலைநாட்டியவை. மரதனின் சிறந்த நேரமாக அமெரிக்கப் பட்டியல்களிலும் பிறவற்றிலும் நெடுங்காலம் நின்றது டெறிக் கிளேற்றன் 1969இல் ஓடியது. ஒவ்வொரு தூரத்துக்கும் அத்தூரத்துக்கென உடலமைந்து, அத்தூரத்துக்கெனப் பயின்ற ஒருவர் தெரிந்தெடுக்கப்பட்டு, அவர்களது தலைகளின் மேலாக ஒரு கோடு இழுக்கப்பட்டுள்ளது. அக்கோடு மனித இனத்தின் எல்லையைக் காட்டலாம். ஆனால் அக்கோட்டின் வழியே எந்தவொரு மனிதரும் நடந்து சென்றதில்லை. ஓவெற்றின் 1,500 மீற்றர் நேரம் ரீகலின் கீழெல்லைக்கு ஒரு செக்கனுக்குச் சற்று அதிகமாய் உட்பட்டே நிற்கின்றது. அதிலிருந்து 5,000 மீற்றரைக் கணித்தால் 12 நிமிடம் 37.3 செக்கன் கிடைக்கும். உலகில் எவரும் 2004 வரை எட்டாத நேரம் அது! ஓவெற்றின் சொந்தச் சாதனை 13 நிமிடம் 20 செக்கனோடு நின்றுவிட்டது. ரோனோவுக்கோ சூத்திரம் இரண்டு செக்கனுக்குள் பொருந்துகின்றது: 5,000 மீற்றர் 13 நிமிடம் 8.4 செக்கன், கணிப்பு 27 நிமிடம் 24 செக்கன், ஓடியது 27 நிமிடம் 22 செக்கன். இரு தூரத்துக்கும் சம அளவில் வாய்க்கப்பெற்றவரை அது நன்கு அறிகின்றது. மற்றவரை அறிவதில்லை.

பலரைக் குறுக்காக நோக்கிப் பெற்ற ஒழுங்கை ஒருவரது வாழ்வுக்கு நெடுக்காகப் பொருத்துதல் சமூகவியலிலும் பொருளியலிலும் நன்கு அறியப்பட்ட வழுவாகும். ஓட்டத்துறையில் அது வழுவாகத் தோன்றாமற் போனமைக்கு வரைபுமுறையும் ஒரு காரணம். மடக்கைத் தாளில் இரு அச்சுகளும் சுருங்கி நிற்பதால் எல்லாப் புள்ளிகளும் கோட்டின்மேல் அமர்ந்திருப்பன போலக் காட்சியளிக்கும். நூற்றுக்கு 5 வீதப் பிழை அத்தாளில் ஒரு பென்சிற் கோட்டின் தடிப்பினுள் மறைந்துவிடும். ஆனால் நான்கு மணிநேரத்தில் மரதன் ஓடும் ஒருவருக்கு அது 12 நிமிடம். ரீகல் இதனை உணராதிருந்தார் என்பதும் பொருந்தாது. அமெரிக்க வீதி ஓட்டப் பாதைகளை அளக்கும் பணிக்குப் பல்லாண்டு தலைமை தாங்கியவர் அவர். அவ்வளவையில், பாதை ஒருபோதும் குறைந்துவிடாதிருக்கும் பொருட்டு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஒரு மீற்றர் கூடுதலாகச் சேர்க்கும் வழக்கம் உண்டு. மரதனுக்கு 42 மீற்றர். வீதிக்கு இத்துணை எச்சரிக்கை காட்டிய துறையில், அவ்வீதியில் ஓடுபவருக்கான கணிப்போ முன்னும் பின்னும் இடைவெளியின்றி ஒற்றை எண்ணாகவே வழங்கப்பட்டு வருகின்றது.

இனி, மேலே விட்டுவைத்த எல்லைக்கு வருதல் வேண்டும். ரீகல் வகுத்த மேலெல்லை 230 நிமிடம். 10 கிலோமீற்றரை 50 நிமிடத்தில் ஓடுபவருக்குச் சூத்திரம் விதிக்கும் மரதன் நேரமும் சரியாக 230 நிமிடமே. ஆகவே 10 கிலோமீற்றருக்கு 50 நிமிடத்துக்கு மேல் எடுக்கும் எவரது மரதனையும் இச்சூத்திரத்தாற் கணிப்பது, ஆக்கியோன் தாமே வேலியிட்ட நிலத்துக்கு வெளியே பயிரிடுவதாகும். மரதன் ஓட்டங்களிற் கலந்துகொள்ளும் பொதுமக்களில் மிகப் பலர் அவ்வேலிக்கு வெளியே நிற்பவர்கள். சூத்திரத்தைத் தேடிச் செல்பவர்களும் அவர்களே. உலக சாதனையாளருக்கு எதிர்வுகூறல் தேவையில்லை. அவருக்குப் பயிற்றுநர் உண்டு, ஆய்வுகூடம் உண்டு. முதன்முறை மரதன் ஓடப் புறப்படும் ஆசிரியருக்கோ எழுதுவினைஞருக்கோ உள்ள ஒரே துணை அந்த எண்.

2016இல் அன்ட்ரூ விக்கேர்ஸ், எமிலி வேற்றோசிக் ஆகிய புள்ளிவிபர ஆய்வாளர் இருவர், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண ஓட்டக்காரரின் நேரங்களைத் திரட்டி ரீகலின் சூத்திரத்தைச் சோதித்தனர். அரைமரதன் வரை அது நன்கு பொருந்தியது. மரதனிலோ அது கூறிய நேரம் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ குறைவாயிருந்தது. இது வெறும் கணக்குப் பிழையன்று. எதிர்வுகூறப்பட்ட நேரத்தை நம்பியவர் அதற்கேற்ற வேகத்திலேயே புறப்படுவார். தசையிலும் ஈரலிலும் சேமிப்பிலுள்ள கிளைக்கோசன், ஏறத்தாழ 30 கிலோமீற்றரை அண்மிக்கும்போது குன்றத் தொடங்கும். வேகம் மிகைப்பட்டால் அது இன்னும் முன்னரே தீரும். எஞ்சிய தூரம் நடையிலும் தள்ளாட்டத்திலும் கழியும். சூத்திரம் பிழைத்தது என்று அப்பொழுது எவரும் எண்ணுவதில்லை. தமது மனவுறுதி பிழைத்தது என்றே ஓடியவர் எண்ணுகிறார்.

வேடிக்கை என்னவெனில், இவ்விடத்திற் பழைய கெனலியே உண்மைக்கு நெருங்கி நிற்பவராகத் தோன்றுகிறார். அவரது 9/8 சுட்டியை 50 நிமிட ஓட்டக்காரருக்குப் பிரயோகித்தால் 4 மணி 12½ நிமிடம் வரும். 1906ஆம் ஆண்டின் வீரர்களும் இன்றைய பொதுமக்களும் ஒரு வகையில் ஒத்தவர்கள். இரு சாராரும் நெடுந்தூரத்துக்கென முழுநேரம் பயின்றவர்களல்லர். ஆகவே கெனலியின் 1.125, ரீகலின் 1.06 ஆகிய இரண்டும் இயற்கையின் மாறிலிகளல்ல என்பது புலனாகும். பயிற்சிக்கு ஒதுக்கக் கிடைத்த நேரம், அதற்குப் பின்னால் நின்ற பணம், போட்டிகளின் பெருக்கம் ஆகியன சுட்டியினுள் உறைந்து கிடக்கின்றன. அது உடலியல் எண்ணாக இருப்பது போலவே வரலாற்று எண்ணாகவும் இருக்கின்றது.

பெண்களின் சாதனைப் பட்டியல் இதனைத் தெளிவாகக் காட்டும். ஒலிம்பிக் போட்டிகளில் 1928இல் 800 மீற்றர் ஓடிய பெண்களுக்கு அத்தூரம் மீண்டும் 1960இலேயே கிடைத்தது. 1,500 மீற்றர் 1972இலும், மரதன் 1984இலும், 10,000 மீற்றர் 1988இலும், 5,000 மீற்றர் 1996இலும் சேர்க்கப்பட்டன. 1981இல் பெண்களின் நேரங்களைக் கொண்டு ஒரு சுட்டியைக் கணித்தவர், களைப்பை எவ்வளவு அளந்தாரோ தடையையும் அவ்வளவு அளந்திருப்பார். பின்னர் இதற்கு நேரெதிரான மயக்கமும் நிகழ்ந்தது. 1992இல் 'நேச்சர்' இதழில் விப், வார்ட் ஆகிய இரு உடற்றொழிலியலாளர், பெண்களின் மரதன் சாதனை விரைந்து முன்னேறிவந்த கோட்டை நீட்டி, ஏறத்தாழ 1998இல் அது ஆண்களின் சாதனையை எட்டும் என எழுதினர். 1998இல் தெக்லா லொரூப்பே ஓடியது 2 மணி 20 நிமிடம் 47 செக்கன். ரொனால்டோ டா கோஸ்ரா ஓடியது 2 மணி 6 நிமிடம் 5 செக்கன். மூடிக்கிடந்த கதவு திறந்தபோது உண்டான விரைவை உடலின் விதியாக வாசித்ததன் விளைவு அது. அவர்கள் நீட்டியது ஆண்டுகளின் கோடு; ரீகல் நீட்டியது தூரங்களின் கோடு. வேறுபாடு அவ்வளவே.

கோட்டை நீட்டாமல் காரணத்தைத் தேடியவர்களும் உளர். பிரித்தானிய உடற்றொழிலியலாளர் ஏ. வி. ஹில் 1925இலேயே சாதனைகளின் உடலியல் அடிப்படை பற்றி எழுதினார். அவ்வழியில் வந்த மைக்கேல் ஜோய்னர் 1991இல் ஒரு கணிப்பை வெளியிட்டார். உடல் உட்கொள்ளத்தக்க உச்ச ஒட்சிசன் அளவு, அவ்வளவில் எத்தனை வீதத்தை நெடுநேரம் தாங்கலாம் என்பது, ஒரு குறித்த வேகத்துக்கு ஒட்சிசனை எவ்வளவு சிக்கனமாகச் செலவிடலாம் என்பது ஆகிய மூன்றையும் இணைத்து, இம்மூன்றும் ஒருவரிடத்தே உச்சமாய் அமையின் மரதனை 1 மணி 57 நிமிடம் 58 செக்கனில் ஓடலாம் என்றார். அக்காலத்துச் சாதனை 2 மணி 6 நிமிடம் 50 செக்கன்; ஆகவே பலர் அதனைக் கற்பனை என்றே கருதியிருப்பர். 2023இல் சிக்காகோவில் கெல்வின் கிப்டும் 2 மணி 0 நிமிடம் 35 செக்கனில் ஓடினார். ஜோய்னரின் எண் சரியா பிழையா என்பதைவிட, அது எவ்வகைக் கூற்று என்பதே மேலானது. 'இன்னின்ன இருப்பின் இவ்வளவு' என்று அது நிபந்தனையோடு பேசுகின்றது. எவ்விடத்திற் பிழைத்தது என்று பின்னர் தேடிப்பார்க்க இடமளிக்கின்றது. 1.06 பிழைத்தால் அவ்வாறு தேடுவதற்கு எதுவுமில்லை.

ரீகலின் சுருக்கத்தை முற்றாகக் கைவிடாது அதனைத் திருத்த முனைந்த ஆய்வொன்றும் உண்டு. 2016இல் டங்கன் பிளைத், பிரான்ஸ் கிராலி இருவரும் பிரித்தானிய ஓட்டக்காரரின் பெருந்தொகையான நேரங்களை ஆராய்ந்து, ஒவ்வொருவருக்கும் சுட்டி வேறுபடும் என்றும், ஓட்டக்காரர் ஒருவரை மூன்று எண்களாற் பெரும்பாலும் விவரித்துவிடலாம் என்றும் காட்டினர். கிப்சோகேயையும் தடேசேயையும் பிரித்தறிய இத்தகைய முறையாலேயே இயலும். ஆனால் அதற்கு ஒருவர் பல்வேறு தூரங்களில் ஏற்கெனவே ஓடிய நேரங்கள் வேண்டும். முதல் மரதனுக்கு ஆயத்தமாகும் ஒருவரிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு நேரம். விக்கேர்சும் வேற்றோசிக்கும் அவருக்காக எளிய மாற்றமொன்றைச் செய்தனர்: ஓடிய நேரத்தோடு, வாரந்தோறும் பயிற்சியில் ஓடும் தூரத்தையும் கணிப்பிற் சேர்த்துக்கொண்டனர். அந்த 50 நிமிட ஓட்டக்காரருக்கு ரீகல் கூறிய 3 மணி 50 நிமிடத்துக்கும் கெனலி கூறிய 4 மணி 12½ நிமிடத்துக்கும் இடையே 22 நிமிடத்துக்கு மேற்பட்ட வெளி கிடக்கின்றது. அவர் அதில் எங்கே வந்து நிற்பார் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அவ்வாரத் தூரமாகும். இரு சூத்திரங்களும் அதனை அவரிடம் கேட்பதில்லை.